எண்பது கன்றுக்குட்டிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு நீலக் கன்றுக்குட்டி இருக்கிறது. உள்ளங்கை அளவு. பனியன் துணியில் வெட்டியது, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. கன்றுக்குட்டி எங்கேயாவது நீலமாக இருக்குமா என்று, இப்போது நான் வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியின் வாண்டுகள் கேட்பார்கள். அதை வெட்டிய மாதம் நான் முன்பு இருந்த பனியன் கம்பெனிக்கு வந்த ஆர்டரில் நீலமும் இருந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் கிடையாது. அதை வெட்டியவரை நாங்கள் எல்லோரும் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் பின்பக்கம், முன்பு ஸ்டாக் ரூமாக இருந்த இடத்தில், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் நடந்தது. நான்தான் அதற்கு டீச்சர். டீச்சர் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மூக்குத் துடைப்பது, சோறு ஊட்டுவது, சண்டை விலக்குவது போக மிச்ச நேரத்தில் டீச்சர். மாஸ்டரின் மகள் மூன்று வயதில் அங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரிய ஒன்றரை வருடம் ஆனது. படிக்கிறவர்களையும் அப்படிக் காக்க வைக்க மனசு வரவில்லை.

காப்பகத்துக்கு யாரோ கொடுத்த பழைய புத்தகங்களில் ஒரு படப் புத்தகம் இருந்தது. எழுத்தே இல்லை. சந்தைக்குப் போகிற வழியில் பனிமூட்டத்தில் ஒரு கன்றுக்குட்டி தாயைத் தவறவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் வேறு யாரிடமாவது போய் நிற்கும். கடைசிப் பக்கத்தில் தாயின் கழுத்து மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும். எங்களிடம் தமிழ்ப் பிள்ளைகள், இந்திக்காரப் பிள்ளைகள், ஒடிசாப் பிள்ளைகள் எல்லாம் இருந்ததால் எழுத்தில்லாத புத்தகம் எனக்குப் பெரிய உபகாரம். தினமும் அதைத்தான் விரிப்பேன். மாஸ்டரின் மகள் யாரையும் தள்ளாமல் எப்படியோ முன்வரிசைக்கு வந்துவிடுவாள்.

சாயங்காலம் அவளை அழைத்துப் போக வரும் மாஸ்டர் ஒருநாள் அந்தக் கன்றுக்குட்டியை ஒரு அட்டையில் வரைந்து எடுத்துப் போனார். மகளுக்கு ஒன்று வெட்டித் தரப் போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு பாலிதீன் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டுவதுதான் அவர் வேலை. அந்த அடுக்கின் ஓரத்தில் வீணாகப் போகிற இடத்தில் அட்டையை வைத்து மெஷினை ஓட்டியிருக்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு வெட்டச் சொன்னா எனக்கு வராது டீச்சர். போட்டா எம்பதுதான்," என்றார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பேச்சில் அது அப்படியே இருக்கும்.

பழுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை, நிறத்துக்கு இருபது. அந்த எண்பதை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடாத ஆட்டம் இல்லை. நிறம் பிரித்துக் கொட்டகையில் அடைப்போம். கொடியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டி எண்ணுவோம். நெட் துணியைப் பனிமூட்டமாகப் பிடித்து, அதற்குள் ஒளித்து வைத்துத் தேடுவோம். எல்லாவற்றிலும் அவள்தான் முதல். நான் கையைத் தூக்கும் முன்பே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சரியான கற்பூர புத்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் பேசவில்லையே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் ஒடிசாப் பிள்ளைகளும் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காது; அப்புறம் ஒருநாள் எங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசும். இவளும் தென்மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளை, கூச்சம் என்று நினைத்தேன். அவள் அப்பா அம்மாவுக்கும் தெரியவில்லை. மாஸ்டர் வேலை பார்த்த ஷெட்டிலேயே நிட்டிங் மெஷின்களும் ஓடின. அவர் மனைவிக்கும் அங்கேதான், தைத்து வந்ததில் பழுது பார்க்கிற செக்கிங் வேலை. அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேச மாட்டார்கள். சாப்பிட்டாச்சா, நூல் தீர்ந்துபோச்சு, டேமேஜ் யார் கையில் வந்தது என்பது வரைக்கும் கையால்தான். தப்பு தன்னுடையதென்றால் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோய், மகளிடமும் பாதிப் பேச்சைக் கையாலேயே பேசினார்கள். கையால் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியாமல் போனதில்லை.

கடைசிப் பக்கத்தை விளையாட்டாக்கியது என் புத்தி. ஊத்துக்குளி பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து மாட்டின் பழைய கழுத்து மணியை எடுத்து வந்தேன். ஒரு பிள்ளையின் கண்ணைப் பனியன் துண்டால் கட்டிவிட்டு, மூலையில் உட்கார்ந்து மணியை ஆட்டுவேன். கன்றுக்குட்டி தட்டுத் தடுமாறி, சிரித்துக்கொண்டே வந்து என் மடியில் விழும். மாஸ்டரின் மகள் மட்டும் கட்டிவிட்ட இடத்திலேயே நிற்பாள். கையை லேசாக முன்னால் நீட்டிக்கொண்டு, நின்றது நின்றபடி. முதலில் சிரித்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்த பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது என்று, கண்கட்டை வெடுக்கென்று அவிழ்த்து அவளைச் சுவரோரம் உட்கார வைத்தேன். அவள் அழவில்லை. என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் புகார் வேறு சொன்னேன். "பாப்பா எல்லாத்துலயும் கெட்டிங்க. இந்தப் பிடிவாதம் மட்டும் ஆகாதுங்க மாஸ்டர்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மணியை இரவல் வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தவர், "நேத்து வந்துட்டா டீச்சர், நேரா எங்கிட்டயே வந்துட்டா," என்றார். அப்படிப் பூரித்துச் சொன்னார். மகள் பயப்படுவாளே என்று நெட் துணியால் கண்ணைக் கட்டியதாகப் பின்னால் எப்போதோ தெரிந்தது. அதன் வழியே பார்த்தால் எல்லாம் தெரியும். அவர் சொன்னதைக் கேட்டு நானும் அவளுக்கு மறுபடி கண்ணைக் கட்டிப் பார்க்காமல் நிம்மதியாக இருந்துவிட்டேன். அதில் ஏழெட்டு மாதம் போனது.

ஒரு மத்தியானம் சமையலுக்கு உதவும் அக்கா எவர்சில்வர் தட்டு அடுக்கை அப்படியே கீழே போட்டுவிட்டார். பிள்ளைகள் துள்ளி எழுந்தன, இரண்டு அழுதன. அவள் தட்டுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கன்றுக்குட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை திரும்பவில்லை. நான் மணியை எடுத்துக்கொண்டு போய் அவள் பின்னால் நின்று ஆட்டினேன். குனிந்து காதோரத்தில் ஆட்டினேன். அவள் ஒரு சிவப்புக் கன்றை எடுத்துச் சிவப்புகளோடு வைத்தாள். அவளைச் சுவரோரம் உட்கார வைத்த நாள் நினைவுக்கு வந்தது.

ஷெட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் மகள் உயரத்தைக் கையால் காட்டி, என் காதைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினேன். அப்படி ஒரு செய்தியை அப்படித்தான் சொல்ல முடிந்தது. அவர் மெஷினை நிறுத்தினார். முதலில் சிரித்தார். அவளுக்கு எல்லாம் புரியுமே என்று அவரும் கையாலேயே சொன்னார். அப்புறம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். காதுக்கு மெஷின் வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆனால் பேச்சு வருகிற வயதில் பெரும்பகுதி போய்விட்டதே, இன்னும் முன்னாலேயே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்றும் கேட்டார். மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாங்கதான் சார், கவனிக்காம விட்டுட்டோம்," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கான வெட்கம் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அவர்கள் ஊர்ப்பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது என்று சீக்கிரமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். போகும் நாளில் அவள் குவியலிலிருந்து ஒரு நீலக் கன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீடியோ காலில் வந்தார். மகளுக்கு இப்போது ஏழு வயது. மெஷின் வைத்தும் பேச்சு வரவில்லை. கையால் மட்டும் அவ்வளவு வேகமாகப் பேசுகிறாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இழுப்பறையிலிருந்து கன்றுக்குட்டியை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டு அப்பாவிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் தயங்கினார்.

"என்னங்க சொல்றா?" என்றேன்.

"அது ஒண்ணுமில்ல டீச்சர்."

நான் விடவில்லை.

"கண்ணக் கட்டின பொறவும் மத்த புள்ளைக எல்லாம் எப்படிச் சரியா ஒங்ககிட்ட வந்துச்சுன்னு கேக்கா. அவ எங்க தப்புப் பண்ணுனான்னு சொல்லணுமாம்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஷெட்டுப் பாஷைதான். நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, தலையை ஆட்டினாள். பிறகு நேராக நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை விளையாடுவோம் என்கிறாள். கண்ணைப் பொத்திக்கொண்ட பிறகு அவளிடம் எதையும் சொல்ல எனக்கு வழியில்லை. அவள் கையை எடுக்கும்வரை நீலக் கன்றைத் திரைக்கு முன்னால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.