நாலாம் நம்பர் பிரஸ்ஸின் டேபிள்

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் பட்டப்பகலில் நடந்தது இது. ஹெலன் பொய் பேசுகிறவளும் இல்லை, பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவளும் இல்லை.

தகடு அமுக்கும் கம்பெனி. ஒவ்வொரு பிரஸ் மெஷினுக்கும் டேட்டாபேஸில் தனி டேபிள். எந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தானாகக் குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குள், போய் உட்கார வேண்டும். மெஷினின் கதவு திறந்திருந்தால் திரை சிவக்க வேண்டும். அதை எழுதுவதுதான் ஹெலனின் வேலை. ஏழாம் நம்பரில் கதவு திறந்தாலும் மெஷின் நிற்பதில்லை. ரிப்பேருக்கு ஆள் நாளைதான் வருவார். அதில் நிற்பவன் அவள் தம்பி லோகு. சாப்பிடக்கூடப் போகாமல் மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் டேபிள் பெயரை மேற்கோள் குறிக்குள் அனுப்பித் தொலைத்தாள். குவெரி ஓடவில்லை. மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, டாலர் குறி போட்டுப் பெயரை அப்படியே ஒட்டவைத்தாள். கண்ட பெயரும் உள்ளே நுழையக் கூடாதென்று, இருக்கிற ஆறு மெஷின்களின் பெயரை மட்டும் அனுமதித்தாள்.

ஏழு என்று அனுப்பினாள். நாலு என்று போனது.

அந்த ஆறில் நாலு கிடையாது. நாலாம் நம்பர் மெஷினே அங்கே கிடையாது. பழைய விடைகளைச் சேர்த்துவைக்கும் கேஷை அழித்தாள். சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். மறுபடியும் நாலு. எழவெடுத்த வேலை என்று மேஜையில் குத்தினாள். எரிச்சலில் கண் கலங்கிவிட்டது.

தேடிப் பார்த்தாள். நாலுக்கு டேபிளே இல்லை. எரர் வர வேண்டும்... வரவில்லை. ஒரு வரி வந்தது.

கதவு: திறந்திருக்கிறது.

கீழே பிரஸ் சத்தம். டங்... டங்...

அடுத்து இன்னொரு நெடுவரிசை. அவள் எழுதாத பெயர்.

கை: உள்ளே.

ஓடினாள்.

ஏழாம் நம்பரின் கதவு திறந்து மேலே ஏறியிருந்தது. சிக்கிய தகட்டை லோகு குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டங்.

"அக்கா, உனுக்கு யாரு சொன்னது?" என்றான் லோகு.

சூப்பர்வைசர் ஆதிகேசவனிடம் நாலைப் பற்றிக் கேட்டாள். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது போயி மூணு வருஷம் ஆவுதும்மா. அதுல நின்ன தணிகாசலம் கைய வுட்டுக்கினு இருந்தான்... அப்பிடியே இழுத்துக்கிச்சி. ஆள் பொழைக்கல. மெஷின ஸ்கிராப்புக்குப் போட்டுட்டோம்."

பிறகு குரலை இறக்கினார்.

"மோட்டார் மட்டும் நல்லா இருந்துச்சி. ஏழுல மாட்டிக்கினோம்."

அனுமதித்த பெயர்களோடு நாலையும் சேர்த்துவிட்டுத்தான் ஹெலன் அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.