ஜெரால்டு செய்த மேசை

லூர்தம்மாள்புரத்து ஜெரால்டு விசைப்படகு டிரைவர். இருபத்தாறு வருடமாக விடியுமுன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, இருட்டிய பிறகு கரை திரும்புகிறவர். கடலில் அவரைப் போல நிதானமான ஆள் கிடையாது. கரையில்தான் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டில் உட்கார்ந்து அவர் ஒரு வாய் சோறு தின்று யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடப்பார். மூன்றாவது தடவை வாசலைத் தொடும்போது தட்டு காலியாகியிருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவர் மனைவி எமில்டாவுக்கு அறுபத்தொரு நாளும் தலைவலிதான். கட்டிக் கிடக்கும் படகை ஒரு காலையில் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கழற்றித் துடைப்பார். அப்புறம் அது ஓடாது.

இந்த வருடத் தடைக்காலத்தில், படகுகளைப் பழுது பார்க்கும் மாடக்கண்ணு ஆசாரி கழித்துப்போட்ட பலகைகள் அவர் கண்ணில் பட்டன.

"அண்ணாச்சி, இத எடுத்துக்கிடவா? ஒரு மேச செய்யலாம்னு பாக்கேன்."

"ஏலே, நீ என்னைக்கு உக்காந்து சாப்பிட்ட? ஒனக்கு எதுக்குலே மேச?" என்று ஆசாரி சிரித்தார்.

நியாயமான கேள்வி. ஜெரால்டுக்குக் கை துறுதுறுத்தது, அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் வேலை ஆரம்பமானது. ஒரு கால் குட்டையாகிவிட, மற்ற மூன்றையும் அதற்குச் சரியாக அறுத்தார். இப்போது இன்னொரு கால் குட்டை. இப்படியே மேசை நாலு விரல்கடை இறங்கியது. இழைப்புளியிலிருந்து பலகைச் சுருள் சுருண்டு விழும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் கேட்காத சாமான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வேலை. அதனாலேயே அது அவ்வளவு ருசித்தது. ஒருநாள் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

கூடவே ஓர் ஆசையும் வந்து ஒட்டிக்கொண்டது. கடலுக்குத் திரும்புமுன் தானும் எமில்டாவும், நர்சிங் படிக்கும் மகள் ஏஞ்சலினும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும். ஒரே ஒரு நேரம். அந்த ஆசை அவரைத் தூங்கவிடவில்லை.

தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேசை கீழே இறங்கியது. எமில்டா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ன, நாலு பக்கமும் வேலி கட்டி வச்சிருக்கீய?"

மேசையின் ஓரம் முழுக்க இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சட்டம் அடித்திருந்தார். படகில் எந்தப் பலகைக்கும் ஓரத்தில் தடுப்பு இருக்கும். இல்லாவிட்டால் ஓர் அலைக்கு டம்ளர் தாங்காது. வீட்டு மேசைக்கு அது வேண்டாம் என்பது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தோன்றவேயில்லை. அந்தச் சட்டத்தைத்தான் உப்புத்தாள் போட்டு ஒன்பது நாள் தேய்த்திருந்தார்.

"தண்ணி கொட்டுனா எங்கன போவும்? எப்படித் தொடைக்க? இத அறுத்து எடுங்க, இல்லன்னா மாடிக்கே கொண்டு போங்க. இதுல நான் சோறு வைக்க மாட்டேன்."

மூன்று நாள் ரம்பத்தை எடுப்பதும் வைப்பதுமாகக் கழிந்தது. துறைமுகத்துக்கு நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார். சட்டத்தைத் தடவினால் அறுக்க மனம் வரவில்லை. அறுக்காவிட்டால் அந்த ஒரு நேரச் சாப்பாடு இல்லை. கடைசி நாள் மத்தியானம் மனுஷன் இறங்கி வந்தார்.

"ஒரு நேரம் இப்படியே சாப்பிட்டுருவோம், எமில்டா. சாப்பிட்டதும் அறுத்திருதேன்."

அவர் குரலைக் கேட்டதும் எமில்டா சோறெடுக்க அடுக்களைக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. சோறும் சீலா மீன் குழம்பும் வந்தன. ரம்பத்தைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஜெரால்டு உட்கார்ந்தார். இரண்டு வாய் உள்ளே போனது.

"யப்பா, தட்ட ஏன் அமுக்கிப் புடிச்சிருக்கீய?" என்றாள் ஏஞ்சலின்.

அவர் குனிந்து பார்த்தார். இடது கை தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு. வெட்கத்தோடு கையை எடுத்து மடியில் வைத்தார். அடுத்த வாய்க்கு அது தானாகவே தட்டுக்குப் போய்விட்டது.

"இது வீடு, படகு இல்ல. தட்டு எங்கயும் ஓடிராது," என்றாள் எமில்டா.

"தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குதே."

எமில்டா தன் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, தட்டைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நான் புடிச்சிக்கிடுதேன். நீங்க மெதுவாச் சாப்பிடுங்க."