திருப்பிக் கேட்காத கடன்

மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கும் அம்சாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. வெள்ளைக்காரர்களே தோற்றுப்போய்ச் சிரித்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவள், தன் புருஷன் தனக்கோடி பிடித்து வரும் மீனுக்கு மட்டும் விலை பேச முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாம் படகு என்ஜின் செய்த வேலை.

அந்த என்ஜின் வாங்க முன்பணம் கொடுத்தவர் மீன் வியாபாரி பக்தவத்சலம். வட்டி இல்லை, கெடு இல்லை. பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே கொடுத்துவிட வேண்டும். "மார்க்கெட்டு டவுனும்மா" என்பார் எப்போதும். தனக்கோடிக்கோ அவர்மேல் ஏகப் பெருமை. "இத்தினி வருசத்துல ஒரு வாட்டி கடனைத் திருப்பிக் கேட்டிருப்பாரா? மனுசன்னா அவருதான்!"

2008இல் அம்சாவின் மகளிர் குழுவுக்கு ஷீலா என்ற வங்கி அதிகாரி வந்து ஒரு திட்டம் சொன்னார். பக்தவத்சலத்துக்குத் தர வேண்டிய கடனை வங்கியே அடைத்துவிடும். அம்சா மூன்று வருஷம் மாதத் தவணை கட்ட வேண்டும். மீனை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். தவணை தவறினால் என்ஜின் வங்கிக்குப் போய்விடும்.

கடைசிப் பேச்சைக் கேட்டதும் அம்சா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். என்ஜின் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"மேடம், ஐப்பசி கார்த்திகை மழையில படகு கடல்ல எறங்காது. அப்போ தவணைக்கு இன்னா பண்றது?"

ஷீலா மேலிடத்தில் பேசிவிட்டு வந்தார். "அந்த ரெண்டு மாசம் கட்ட வேணாம். மத்த மாசத்துல கூட்டிக் கட்டுங்க. முடியும்னு தோணினா மட்டும் கையெழுத்துப் போடுங்கம்மா."

முடியுமா என்பதுதான் தெரியவில்லை. வெளியில் விற்றால் மீன் என்ன விலை போகும்? தனக்கோடி வேறு காது கிழியக் கத்தினான்: "கேக்காத கடனை அடைக்க, மாசாமாசம் கேக்கற கடனை வாங்கணுமா? பேஜாரு புடிச்ச வேலை!"

இதற்குள் சேதி பக்தவத்சலத்துக்கு எட்டிவிட்டது. அதுவரை அந்தத் தெருவில் கால் வைக்காத மனிதர், லட்டுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"அம்சா, நான் இன்னா உன்னைக் கேட்டேனா? டப்பு உன் வூட்டுலதானே கீது, அங்கயே கெடக்கட்டும். பேங்க்கெல்லாம் வேணாம்மா."

அம்சா மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், கடன் குடுத்தவன் டப்பு கேட்டுத்தான் வருவான். இந்தாளு தராத தராதன்னு கெஞ்சிகினு வர்றான். நம்ம மீனுல எம்மாம் துன்னிருக்கான் பாரு!"

தனக்கோடி கையிலிருந்த பாதி லட்டைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாளே அம்சா கையெழுத்துப் போட்டாள். கடன் அடைந்ததும் தனக்கோடியின் வஞ்சிரம் முதல்முறையாகக் கரையில் ஏலத்துக்கு வந்தது. வியாபாரிகள் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கடைசியில் பழைய விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்து எடுத்தவர் பக்தவத்சலம்தான்.

அம்சா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மார்க்கெட்டு டவுனு இல்லியே அண்ணாத்த? நாளைக்கும் வா."