புதனும் சனியும் அணையும் உலை

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை மறுபடியும் அணைந்தது. மார்லிஸ் மாவு உருட்டும் கட்டையை எடுத்துச் சமையலறைத் தரையில் ஓங்கி ஓங்கி இடித்தாள்.

"ரெய்னோ! மேல வா!"

கீழே நிலவறையில் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், மரக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவளுடைய கணவனின் தம்பி ரெய்னோ இடுப்பில் துண்டோடு, வேகவைத்த நண்டு போலச் சிவந்து, உடம்பெல்லாம் ஆவி பறக்கப் படியேறி வந்து நின்றான்.

"என்ன அண்ணி, கூரை இடிஞ்சு விழுந்துடுச்சா?"

"உலையை எதுக்கு அணைச்ச?"

"நான் எங்க அணைச்சேன்? நீங்கதான் அணைச்சிருப்பீங்க. நான் வேர்க்க விறுவிறுக்க வெளிய வரணும், வீடு ஐஸா இருக்கணும், எனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கணும். அதானே உங்க ஆசை?"

"நீ கீழ சொகமா வெந்துக்கிட்டிருப்ப, நான் மேல வெறைச்சுப் போய்க் கிடக்கணும். அது யாரு ஆசை?"

"நான் ஒருத்தன் வேகுறதுக்கு உலையை எதுக்கு அணைக்கணும்? மூளை இருக்கா உங்களுக்கு?"

"துண்டைப் பிடி. அவிழுது."

அவன் துண்டை இறுக்கிக்கொண்டு கீழே போனான். மார்லிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். உலைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, குமிழைத் திருகி அழுத்திப் பிடித்து, நீளத் தீக்குச்சியை உள்ளே நீட்டினாள். உலைக்குள் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டிய சின்னச் சுடர் பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் பெரிய தீ 'பக்' என்று எழுந்தது. எழுந்து நின்று முட்டியைத் தட்டிக்கொண்டபோது, சவுனாவுக்குள்ளிருந்து ரெய்னோ வேண்டுமென்றே உரக்கப் பாடுவது கேட்டது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், இரும்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. ஜனவரியில் மூக்குமுடி உறையும். அந்தக் குளிரில் அணைந்த உலையை ராத்திரி யாரும் கவனிக்காமல் விட்டால் விடிவதற்குள் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். உலையும் வீட்டைப் போலவே பழசு. புதிது வாங்கலாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வேண்டாம் என்பார். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்றவர்கள். மீதம் வைத்தவனைக் கூப்பிட்டு முழுவதும் தின்னவைத்துத்தான் அனுப்புவாள். அவளுக்கு யாரும் எதையும் பழுது பார்த்துக் கொடுத்ததில்லை. பனியில் வழுக்காதிருக்கக் கார் சக்கரத்தில் சங்கிலியை அவளே மாட்டுவாள், கூரைப் பனியை அவளே தள்ளுவாள். உலைக்கும் அந்தக் குளிர்காலத்தில் அவளே வைத்தியம் பார்த்தாள். தூசி வடிகட்டியை மாற்றினாள். சுடரின் சூட்டை உணரும் செப்புக் கம்பியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தாள். பிறகு புதுக் கம்பியே வாங்கிப் போட்டாள். எதுவும் பலிக்கவில்லை.

வீடு அவள் கணவன் வெஸ்லிக்கும் ரெய்னோவுக்கும் பொதுவாக அப்பா எழுதி வைத்தது. வெஸ்லி இறந்த பிறகு மேல்தளம் அவளுக்கு, நிலவறை அவனுக்கு என்று ஆகிவிட்டது. உலையும் சவுனாவும் ரெய்னோவின் கட்டிலும் கீழே. அடுப்படியும் ஜன்னல் வெளிச்சமும் மேலே. அவள் உருளைக்கிழங்குப் பெட்டியும் துணி காயவைக்கும் கயிறும் மட்டும் கீழே இருந்தன. அதற்காக அவள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரெய்னோ, "சுங்கச்சாவடி இருக்கு, நின்னு போங்க" என்பான்.

அவர்களுடைய சண்டைக்கு வேர் ஒரு கோட்டு. பச்சைக் கம்பளிக் கோட்டு, வெஸ்லியினுடையது. அதன் பொத்தான்களை ரெய்னோதான் சின்ன வயதில் மான்கொம்பில் செதுக்கித் தந்தான். சவ அடக்கம் முடிந்ததும் அவன் கேட்டது அந்தக் கோட்டை மட்டும்தான். "சர்ச்சுக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் மார்லிஸ். கொடுக்கவில்லை. அலமாரியின் அடியில் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் வெஸ்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரெய்னோ காட்டுக் குடிசையில் மான் வேட்டையாடிக்கொண்டிருந்தான். தகவல் அனுப்பியும் வரவில்லை. அப்படிப்பட்டவனுக்குக் கோட்டு எதற்கு என்பது அவள் கட்சி.

மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு ரெய்னோ மேலே வந்தான்.

"அண்ணி, ஒரு தீர்வு காணலாம். பழுது பார்க்கிற ரான் பெட்ரிச்சைக் கூப்பிடறேன். அடுத்த சனிக்கிழமை. நான் எப்பவும் போல சவுனாவுக்குத் தீ மூட்டுவேன். உலை யாரால அணையுதுன்னு அவன் சொல்லட்டும்."

"சொன்னா?"

"யாரால அணையுதோ அவங்க இந்த வீட்டை விட்டுப் போகணும்."

மார்லிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மான் வேட்டைக் காலம் முடிந்து இவன் குடிசையிலிருந்து திரும்பிய வாரத்தில்தான் உலை அணையத் தொடங்கியது. அணைவதும் இவன் சவுனா போடும் புதனிலும் சனியிலும்தான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"அப்புறம் வாக்கு மாறக் கூடாது."

"எங்க ரவுட்டியோ குடும்பத்துல யாரும் மாறினதில்ல. கல்யாணம் பண்ணி வந்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

"கோப்பையைக் கழுவி வச்சுட்டுப் போ."

அன்றே அவள் நிலவறைக்குப் போய், உலையின் குமிழ்மேல் ஒரு துண்டு ஒட்டுக் காகிதத்தைக் குறுக்காக ஒட்டினாள். கேஸ் குழாயின் கைப்பிடியிலும் ஒன்று ஒட்டினாள். யார் தொட்டாலும் கிழியும்.

புதன்கிழமை உலை அணைந்தது. அவள் விளக்கோடு ஓடினாள். இரண்டு காகிதமும் ஒட்டியபடியே இருந்தன.

ரெய்னோ சவுனாவை மூட்டிவிட்டு, சூடேறும்வரை பக்கத்துத் தெருவில் சீட்டாடப் போயிருந்தான். அவன் கை படவில்லை. யார் கையும் படவில்லை. மார்லிஸுக்கு எரிச்சல் தலைக்கேறியது. உலையைத் திரும்ப மூட்டிவிட்டு அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பார்த்தாள். சவுனாவின் விறகடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. உலைக்குள் தீ நீலமாக இல்லை. மஞ்சளாக, சோம்பேறித்தனமாக, முன்பக்கம் சாய்ந்து நாக்கை நீட்டியது.

சவுனா அடுப்பின் சாம்பல் வாளி நிரம்பியிருந்தது. இவன் ஒருநாளும் கொட்டமாட்டான் என்று திட்டிக்கொண்டே நிலவறையின் வெளிக்கதவைத் திறந்தாள். குளிர் காற்று காலைச் சுற்றி உள்ளே பாய்ந்தது. தற்செயலாகத் திரும்பியவள் அப்படியே நின்றாள். உலையின் தீ நீலமாகி நிமிர்ந்து நின்றிருந்தது. கதவை மூடினாள். மெல்ல மஞ்சளானது. திறந்தாள். நீலம்.

காற்று. விறகடுப்பு நிலவறையின் காற்றையெல்லாம் தின்றுவிட, உலைக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் அடுப்பு இத்தனை வருடமாக எரிகிறதே?

அவள் தலை தானாகவே சுவரின் மேல்மூலைக்குத் திரும்பியது. வெளிக்காற்று வருவதற்கென்று பதித்த தகரக் குழாய் அங்கே இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் குளிர் இறங்கி உருளைக்கிழங்கு உறைந்துபோகிறது என்று நவம்பரில் அவள்தான் அதை அடைத்தாள். ரெய்னோ வேட்டைக்குப் போயிருந்த நேரம். அடைக்க எதையாவது தேடியபோது அலமாரியடியில் கிடந்த கோட்டு கையில் அகப்பட்டது. அதைச் சுருட்டித் திணித்தபோது அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அவன் தலைக்கு மேலேயே இருக்கும், அவனுக்குத் தெரியாது.

அவன் திரும்பி வந்த வாரத்தில் தொடங்கியது என்றுதான் அவள் எண்ணி வைத்திருந்தாள்; அது அவள் ஓட்டையை அடைத்ததற்கு அடுத்த வாரம்.

அடுத்த நினைப்பு வர வெகுநேரம் ஆகவில்லை. கோட்டு குழாயில் இருந்தால் ரான் பெட்ரிச் அவளைக் கை காட்டுவான். கோட்டு இல்லாவிட்டால் மிஞ்சுவது ரெய்னோவின் விறகடுப்பு மட்டுமே. நாற்காலி போட்டு ஏறிக் கோட்டைப் பிடுங்கினாள். உருளைக்கிழங்குப் பெட்டியின் அடியில் புதைத்து மேலே கிழங்கைப் பரப்பினாள்.

சனிக்கிழமை ரான் பெட்ரிச் பூட்சைக் கழற்றாமலேயே உள்ளே வந்தான். பெரிய வயிறு, சின்னப் பொறுமை.

"ரெண்டு பேரும் பேசக்கூடாது. நான் கேட்டா மட்டும் பதில்" என்றான். "போன வீட்டுலயும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. எனக்குத் தலை வலிக்குது."

"இவன் என் புருஷன் இல்ல!"

"நல்லவேளை" என்றான் ரெய்னோ.

சவுனா அடுப்பு மூட்டப்பட்டது. மூவரும் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விறகு ஒரு சுற்று எரிந்து முடிந்தது. ரெய்னோ இன்னும் போட்டான். உலை அணையவில்லை. தீ நீலமாக, ஒழுங்குப் பிள்ளை மாதிரி, நிமிர்ந்து எரிந்தது.

கோட்டை எடுத்தால் குற்றம் ரெய்னோவின் தலையில் விழும் என்று மார்லிஸ் நினைத்தாளே தவிர, கோட்டை எடுத்தால் குற்றமே நடக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பார்த்தியா ரான்?" ரெய்னோ கைதட்டினான். "இன்னைக்கு அண்ணி மேல இருந்து இறங்கி வந்து அணைக்க முடியல. உலை அணையல. இதுக்கு மேல என்ன வேணும்? அண்ணி, பெட்டி கட்ட உதவட்டுமா?"

"வாயை மூடுன்னு சொன்னேன்" என்றான் ரான். அவன் உலையின் நெற்றியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் கறுப்பானது. "தீ வெளிய நாக்கு நீட்டியிருக்கு. கையால அணைச்சா இப்படிக் கரி பிடிக்காது." நிமிர்ந்து நிலவறையைச் சுற்றிப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் காற்றுக் குழாய்க்குள் கையை விட்டான். வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் பச்சை நூல். மறுபடி துழாவினான். ஏதோ சின்னதாகத் தரையில் விழுந்து உருண்டது.

ரெய்னோ குனிந்து எடுத்தான். மான்கொம்புப் பொத்தான்.

கட்டைவிரலால் அதன் செதுக்கலைத் தடவினான்.

"இதுக்குள்ள என்ன இருந்துச்சு?" ரான் கேட்டான். "இருந்ததைக் கொண்டு வாங்க. திரும்ப அடைச்சுப் பார்த்தாத்தான் எனக்கு நிச்சயம்."

மார்லிஸ் உருளைக்கிழங்குப் பெட்டியைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்தாள்.

"நான் கிளம்பவா? கேஸை மூடி, உலையை யாரும் மூட்டக் கூடாதுன்னு சிவப்புச் சீட்டு ஒட்டிட்டுக் கிளம்பவா? அப்புறம் ரெண்டு பேரும் வெளியதான் படுக்கணும்."

மார்லிஸ் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் போய், கிழங்குகளைத் தள்ளி, கோட்டை உருவினாள். மண்ணும் கரியும் அப்பியிருந்தன. ரெய்னோவின் முகத்தைப் பார்க்காமல் ரானிடம் நீட்டினாள். அவன் குழாயில் திணித்தான். சற்றைக்கெல்லாம் தீ மஞ்சளாகிச் சாய்ந்தது. ரான் ஒரு குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, உலையின் புகைவாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். புகை மேலே போகவில்லை. வெளியே, அவர்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. 'டிக்' என்று சின்னச் சத்தம். உலை அணைந்தது.

"புகை திரும்பினா அணைக்கறதுக்குன்னே ஒரு வில்லை இருக்கு, அதுதான் இது. பழசானாலும் வேலை செய்யுது. இல்லேன்னா..." ரான் கட்டைவிரலால் ரெய்னோவின் கட்டிலைக் காட்டினான். "உலையோட நச்சுப்புகை மணமே இல்லாம தூக்கத்துலயே உன்னை முடிச்சிருக்கும்."

ரெய்னோ மெதுவாகத் திரும்பினான். "என்னைக் கொல்லப் பார்த்தீங்களா?"

"கொல்லணும்னு நெனச்சிருந்தா நீ நவம்பர்லயே செத்திருப்ப. நான் எந்த வேலையையும் அரைகுறையா செய்ய மாட்டேன்."

"யாரால அணையுதுன்னு சொல்லு ரான்."

"ஓட்டையை அடைச்சது இவங்க. அடுப்பெரிச்சது நீ. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு அணைச்சிருக்காது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அணைச்சிருக்கீங்க. உங்க வாழ்க்கையில சேர்ந்து செஞ்ச ஒரே வேலை இதுவாத்தான் இருக்கும்." அவன் கோட்டைப் பிடுங்கிக் கீழே போட்டான், உலையை மூட்டிவிட்டு, பூட்ஸ் தடத்தைப் படியெல்லாம் பதித்தபடி போனான்.

சவுனா அடுப்பில் விறகு வெடித்தது.

"பந்தயப்படி ரெண்டு பேரும் போகணும்" என்றாள் மார்லிஸ்.

"ஓட்டை பழசு. அடுப்பும் பழசு. புதுசா வந்தது உங்க கை மட்டும்தான். போக வேண்டியது நீங்கதான், அது உங்களுக்கே தெரியும்." அவன் குரல் தணிந்தே இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "சர்ச்சுல போய்க் கேட்டேன் அண்ணி. ஒவ்வொரு மூட்டையா பிரிச்சுப் பார்த்தேன். என் தலைக்கு மேல திணிச்சு வச்சிருக்கீங்க."

"உங்க அண்ணன் கேட்டப்ப நீ வரல."

"குடிசைக்குத் தகவல் வந்தப்ப ரோடு பனியில மூடியிருந்துச்சு. நான் நடந்து வந்தேன். வந்து சேர்ந்தப்ப அடக்கம் பண்ற நாள். நீங்க கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, மான் கெடச்சுதான்னு."

அவள் கேட்டது உண்மைதான். அவன் நடந்து வந்ததை அவள் கேட்டிருக்கவில்லை. அவனும் இதுவரை சொன்னதில்லை.

"கோட்டைக் கொடுங்க. பந்தயத்தை மறந்துடறேன்."

அவளிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அவனுக்கு எதிராக இருந்ததும் அந்தக் கோட்டு ஒன்றுதான். மார்லிஸ் கீழே கிடந்ததைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து எடுத்து, கரியை ஒருமுறை உதறி, அவன் மார்பில் வீசினாள்.

"எடுத்துட்டுப் போ. நாறுது."

அவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். தோளில் பெரிதாக இருந்தது. பொத்தானை நீட்டினான். "தைச்சுக் கொடுங்க."

"உனக்குக் கையில்லையா?"

அடுத்த புதன்கிழமை துணி எடுக்கப் போனபோது காற்றுக் குழாயின் வாயில் கம்பி வலை அடித்திருந்தது. ஒரு விரல்கூட நுழையாது. ஆணிகளை அளவுக்கு மேலேயே அறைந்திருந்தான். அவள் உருளைக்கிழங்குப் பெட்டி ஓட்டையின் குளிர் எட்டாத மூலைக்கு நகர்ந்திருந்தது, அவளைக் கேட்காமலே. "என் பெட்டியை யார் தொடச் சொன்னா?" என்று கத்தினாள். சவுனாவின் சூட்டுக் கல்லில் தண்ணீர் சீறும் சத்தம்.

மேலே வந்து சமையலறையில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு உருட்டினாள். வீடு கதகதப்பாக இருந்தது. உலை அணையவில்லை. கீழே பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. வெகுநேரமாகவே இல்லை. மாவுக் கட்டையைத் தூக்கித் தரையில் ஒருமுறை இடித்தாள்.

"ரெய்னோ! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "உங்க கெட்ட நேரம்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் மாவுக்குத் திரும்பினாள்.