வெள்ளி, பூஜ்யம் பூஜ்யம் ஐம்பது

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த டிக்கெட் கடைக்கு அகலம் எட்டடி. ஒரு பக்கம் நெல் மண்டி, மறுபக்கம் வெறும் சுவர். அந்தச் சுவரில் ஒரு தேர்தலுக்கு ஒரு கழகத்தின் சின்னமும் அடுத்த தேர்தலுக்கு இன்னொரு கழகத்தின் சின்னமும் மாறி மாறி ஏறும். கடைக்குள்ளே மட்டும் எந்த ஆட்சியிலும் ஒரே படம்தான். வளைகுடாவுக்குப் பறக்கிற ஒரு பெரிய விமானக் கம்பெனியின் காலண்டர் அது. எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அந்தக் கம்பெனி விமானத்தில்தான் போவார்கள், வருவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தின்மேல் வழக்கு வந்தது. அவர் தாலுகா கச்சேரிக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்க ஆரம்பித்ததும் வயலைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, நான் நின்றுகொண்டேன். நாலு வருஷத்தில் வயலும் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட பெஞ்சில் போய் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டது என் கையெழுத்துக்காக. தொடர்ந்து வைத்திருந்தது என் பயத்துக்காக. “இவன் ஒண்ணுக்கு நாலு தடவ பாப்பான்” என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். அது பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நாலு தடவை பார்ப்பது உண்மை. டிக்கெட்டில் ‘ஓகே’ என்று போட்டிருந்தால் சீட் உறுதி. ‘ஆர்க்யூ’ என்றிருந்தால் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஓகே போட்ட டிக்கெட்டையே நான் நம்பமாட்டேன். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஓகே ஞாபகத்துக்கு வரும், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து கடையைத் திறந்து பார்த்துவிட்டுப் போவேன். பெட்டிக்கு இருபது கிலோதான் கணக்கு என்பதால், போகிறவர்களைப் பெட்டியோடு பக்கத்து மண்டிக்குக் கூட்டிப்போய் நெல் மூட்டை போடுகிற தராசில் ஏற்றி நிறுத்துவேன். கருவாட்டுப் பொட்டலங்களோடு எங்கள் ஊர் உமியும் ஒட்டிக்கொண்டு வளைகுடாவரை போயிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராசிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வருவார். முதலாளி அவருக்கு பிரியாணி சொல்லுவார், நான் சந்தேகங்களைச் சொல்லுவேன். ஒரு விமானம் மெட்ராசில் எத்தனை நாள் நிற்கும் என்று நான் கேட்டது அவருக்கு நல்ல சிரிப்பு. ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் நின்றால் மேலே இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தவர்கள் இறங்கி, கூட்டிப் பெருக்கி, எண்ணெய் ஊற்றி, சாப்பாடு ஏற்றி, போகிறவர்கள் ஏறிவிட வேண்டும். அந்த விமானம் பகலில் வேறு ஏதோ நாட்டுக்குப் போய்த் திரும்பி, அதற்குப் பிறகுதான் நம் பக்கம் வந்திருக்குமாம். அது ராத்திரி பத்து மணிக்குள் கம்பெனியின் சொந்த ஊரில் போய் இறங்கினால், அங்கே சின்ன விமானங்கள் வரிசையாகக் காத்திருந்து ஆட்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு நாலா பக்கமும் கிளம்புமாம். பெரியது தாமதமானால் சின்னது அத்தனையும் தாமதம்.

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. பெரிய விமானம் ஆறு, சின்ன விமானம் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் வருகிற நேரத்துக்குத்தான் வாய்க்கால் மதகைத் திறக்க முடியும். “நாங்க கடைமடைங்க, அதான் சீட்டு எங்களுக்குக் கடைசியில வருது” என்றேன். அவர் டையைத் தளர்த்திக்கொண்டு, இதை ஆபீசில் சொல்கிறேன் என்றார். சொன்னாரோ இல்லையோ, அடுத்த மாதமும் எங்களுக்கு ஆர்க்யூதான் வந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பெனி அட்டவணையை மாற்றும். அந்த ஐப்பசியில் எங்கள் தடத்துக்குப் பழைய விமானத்தை எடுத்துவிட்டு இன்னும் பெரியது ஒன்றை விட்டார்கள். அதற்குப் பகலில் சீமைக்குப் போகிற வேலை இருந்ததால், சாயங்காலம் ஏழு மணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் விமானம் 00.50க்கு மாறியது. நாள் கட்டத்தில் 1, 5 என்று போட்டிருந்தார்கள். ஒன்று என்றால் திங்கள், ஐந்து என்றால் வெள்ளி.

எங்கள் கடையிலிருந்து அந்தப் புது நேரத்தில் முதலில் போக வேண்டியவர் மேலத்தெருவில் இருந்த ஒரு சமையல்காரர். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற முகாமில் சமைப்பவர். கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவர்களைச் சபுராளி என்பது அங்கே வழக்கம். அவர் பதினோரு வருஷச் சபுராளி, மகள் கல்யாணத்துக்காக வந்திருந்தார். மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு விமானம் மிச்சம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அவர் திரும்பி உள்ளே நுழைவதற்கான பர்மிட் சனிக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை விமானத்தை விட்டால் அடுத்தது திங்கள். திங்கட்கிழமை போய் இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள், பதினோரு வருஷ வேலையும் அதோடு சரி. அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

போவதற்கு மூன்று நாளைக்கு முன்னால் கம்பெனிக்கு ட்ரங்க் கால் போட்டு, இன்னார் வருகிறார் என்று மறுபடி உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் போட்ட கால் மத்தியானம் கிடைத்தது. “ஃப்ரைடே, ஜீரோ ஜீரோ ஃபிஃப்டி” என்றது ஒரு பெண் குரல். நோட்டில் ‘வெள்ளி ராத்திரி, மணி 12.50’ என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

எனக்கு வெள்ளி ராத்திரி என்றால் வெள்ளிக்கிழமைப் பகல் போய் வருகிற ராத்திரி. வேறென்ன? எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஒருவருக்குத் தண்ணீர் முறை என்றால், வெள்ளி விடியும்போது மடையைத் திறந்து சனி விடியும்போது அடைக்க வேண்டும். நடுச்சாமம் தாண்டினாலும் அது வெள்ளிக்கிழமை முறைதான். அதில் ஒருவன் சனி என்று சொல்லிக்கொண்டு வந்து மடையில் கை வைத்தால் மண்டை உடையும். இதெல்லாம் நான் யோசித்து எழுதவில்லை. யோசிக்காமலே கை எழுதிவிட்டது.

அன்று சாயங்காலமே மேலத்தெருவுக்குப் போய்ச் சொன்னேன். வெள்ளி ராத்திரி ஃப்ளைட், மத்தியானம் ரெண்டு மணிக்கே வாசலில் கார் நிற்கும் என்றேன். அவர் மனைவியிடம் திரும்பி, “வெள்ளி ராவு” என்றார். அந்த அக்காவும் தலையாட்டினார். வரும் வழியில் அம்பாசடர் வைத்திருந்த டிரைவர் அண்ணனிடம், வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி, மெட்ராஸ் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் ஒரு தடவையும் அதற்கு மறுநாள் ஒரு தடவையும் ஞாபகப்படுத்தினேன். “ஏம்ப்பா, எனக்கென்ன மறதி வியாதியா?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். நான் அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அது எனக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி. அதில் மறுநாள் போய் இறங்குகிற விமானங்களுக்கெல்லாம் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் போட்டு ஒன்று என்று இருக்கும். எங்கள் விமானத்துக்கு அது இல்லை. புறப்பாடு 00.50, இறக்கம் 03.40, நாள் ஐந்து. வெள்ளி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்புகிறது எப்படி வெள்ளிக்கிழமையே இறங்கும்? கூட்டலை அச்சடிக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, கம்பெனிக்கு எழுதிப் போட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கவளம் உள்ளே போனது. அடுத்த கவளம் போகவில்லை.

பூஜ்யம் என்றால் ஆரம்பம். வெள்ளிக்கிழமை பூஜ்யம் மணி என்றால் வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிற இடம். அது நாளைக்கு ராத்திரி இல்லை, இன்றைக்கு ராத்திரி. இன்னும் பத்து மணி நேரம்தான் இருக்கிறது. மெட்ராசுக்கு எட்டு மணி நேரம்.

மணி இரண்டே கால். கை கழுவவில்லை. கடையைப் பூட்டினேனா என்பதும் ஞாபகமில்லை. சைக்கிளில் மேலத்தெருவுக்குப் போகிற வழியெல்லாம் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். மகளுக்கு இன்னும் செய்ய வேண்டிய சீர் இருக்கிறது என்று அவர் சொன்னதெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. அவர் எங்காவது வெளியூர் போயிருந்தால்? குளத்தில் குளித்துக்கொண்டிருந்தால்?

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, தொப்பி, பளபளவென்று ஷூ. கயிறு கட்டிய பெட்டி இரண்டும் பக்கத்தில் நின்றன. என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

“காரு எங்க தம்பி? ரெண்டு மணின்னீங்களே.”

“நீங்க… இன்னிக்கேவா கெளம்புறீங்க?”

“பின்ன? வெள்ளி ராவுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “இன்னிக்கு மஃரிபு ஆச்சுன்னா வெள்ளி பொறந்துடும்ல. இன்னிக்குதான் வெள்ளி ராவு. கையில சோறு காயுது பாருங்க தம்பி, மொதல்ல கழுவுங்க.”

அவர்களுக்குச் சூரியன் மறைந்து மஃரிபு தொழுகை வந்தால் அடுத்த நாள். வியாழன் சாயங்காலத்தோடு வரும் ராத்திரிதான் வெள்ளி இரவு. அந்த ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னேன், அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அந்த வாசலில் நின்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் காரை நாளைக்கல்லவா வரச் சொல்லியிருக்கிறேன்! இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

டிரைவர் அண்ணன் பனியனோடு படுத்திருந்தார். மூணு நாளாக வெள்ளி வெள்ளி என்று உயிரை எடுத்துவிட்டு வியாழக்கிழமை வந்து நிற்கிறாயே என்றார். ஆனாலும் திட்டிக்கொண்டே சட்டையை மாட்டினார், திட்டிக்கொண்டே சாவியை எடுத்தார். பெட்டி ஏற்றி, அக்கா கண்ணைத் துடைத்து, கார் கிளம்பும்போது மூன்றாகிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வெண்ணாற்றுப் பாலத்தில் சாலை மறியல். குறுவை அறுப்புக் கூலியை ஏற்றித் தரச் சொல்லி, செங்கொடி நட்டு, ஆணும் பெண்ணுமாய்ப் பாலத்தை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி. முன்வரிசையில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடியது. ஊர்ப் பஞ்சாயத்தில் சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக்கூடாது என்பதில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

ஓடிப்போய் அவர் முன்னால் குத்துக்காலிட்டு விஷயத்தைச் சொன்னேன். பர்மிட்டைச் சொன்னேன், சனிக்கிழமையைச் சொன்னேன். இவ்வளவு நேரம் கழித்து ஏன் கிளம்பினீர்கள் என்று அவர் கேட்டதும், வேறு வழியில்லாமல் என் தப்பையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. சமையல்காரர் இதற்குள் காரிலிருந்து இறங்கி எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

சித்தப்பா யோசித்தார். “வெள்ளி மொறைன்னா வெள்ளி விடிஞ்சாதானேடா? அது என்ன நடுச்சாமத்துல நாள மாத்துறது?”

“எங்களுக்கு மஃரிபுலயே மாறிடுங்க” என்றார் சமையல்காரர்.

“அப்ப ஏரோப்ளேன்காரனுக்கும் முன்னாடி நீங்க மடையத் தொறந்துட்டீங்க.” கூட்டத்தில் சிரிப்பு பரவியது. சித்தப்பா எழுந்து பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். “என்ன சொல்றீங்க? இவரும் கூலிக்குத்தான் போறாரு. கூலிக்குப் போறவர மறிக்கவா நாம உக்காந்திருக்கோம்?”

பெண்கள்தான் முதலில் நகர்ந்தார்கள். கார் ஊர்ந்து உள்ளே நுழைந்தது. சமையல்காரர் ஜன்னல் வழியாகக் கை கூப்ப, சித்தப்பா குனிந்து அவரிடம், “இவன் பேச்சக் கேட்டு வழியில எங்கயும் எறங்கிடாதீங்க” என்று சொல்லி அனுப்பினார். என் தோளைப் பிடித்து, ஒரு காரை விட்டதற்குப் பதிலாக ஒரு ஆளாவது கூட வேண்டாமா என்று அந்த இடத்திலேயே உட்கார வைத்தார். பொழுது சாயும்வரை கூலி உயர்வுக்காகக் கோஷம் போட்டேன். வாய்தான் கோஷம் போட்டது, மனசு விழுப்புரத்தில் ரயில்வே கேட் மூடியிருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல் கார் திரும்பி வந்தது. அதற்குள் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் அட்டவணைப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டார். டிரைவர் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டமாய் ஓடிப்போய்ப் பார்த்தால் விமானமே வந்து சேரவில்லை. பகலில் போன இடத்திலிருந்து அது கிளம்பத் தாமதமாம். ரெண்டரைக்குத்தான் போனது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினார், அவ்வளவுதான் தெரியும்.

அவ்வளவுதான் தெரியும் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே போனவர் ஏறினாரா? ஏறினவர் இறங்கினாரா? இறங்கினவரை உள்ளே விட்டார்களா? அன்று முழுக்க நான் கேட்டது இதுதான். மாலையில் முதலாளி, இனிமேல் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் உன்னையும் ஏற்றி அனுப்பிவிடுவேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கடைப் பேருக்குத் தந்தி வந்தது. நலமாக வந்து சேர்ந்தேன், பர்மிட் சரியாகிவிட்டது என்று இரண்டே வரி. முதலாளியைப் படிக்கச் சொன்னேன், நான் படித்தேன், தந்தி கொண்டுவந்தவரையும் ஒருமுறை படிக்கச் சொன்னேன். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினேன்.

அக்கா வாசலுக்கு வந்து, சேதியைக் கேட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “அல்ஹம்துலில்லாஹ். என்னிக்குப் போய்ச் சேந்தாங்களாம் தம்பி?” என்று கேட்டார்.

கிழமையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

“விடியக்கால சுபுஹு நேரத்துக்குங்க்கா” என்றேன்.