பச்சைப் பூவுக்குக் கீழே இருந்த வடு

ரங்கூன் கப்பல் ஏறப் போன காலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வெளிச்சம்தான். கடலும் வானமும் ஒரே பால் நிறத்தில் கலந்து கிடந்தன. கப்பல் தண்ணீரில் நிற்கிறதா, ஆகாயத்தில் தொங்குகிறதா என்றே சொல்ல முடியவில்லை. ராயபுரத்திலிருந்து துறைமுகம் வரை தூக்கத்தில் நடப்பவள் போல, வழியனுப்ப வந்த சின்னம்மாவின் பின்னால் போனேன்.

என் கணவர் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். கல்யாணமான மூன்றாம் மாதமே போய்விட்டவர், இரண்டு முறை கூப்பிட்டார். கடலுக்குப் பயந்து இரண்டு முறையும் நான் போகவில்லை. மூன்றாவது கடிதத்தில், இந்தக் கப்பலிலும் வராவிட்டால் இனி கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தார். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு மனிதர்.

முந்தைய வருஷம் வரை துறைமுக டாக்டர் நாக்கையும் கண்ணையும் பார்த்து அனுப்பிவிடுவாராம். இப்போது சட்டம் மாறிவிட்டது. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் போகிற எங்களைப் போன்றவர்கள் அம்மை குத்திய வடுவைக் காட்ட வேண்டும். முதல் வகுப்புத் துரைமார்களின் கோட்டை யாரும் கழற்றச் சொல்லவில்லை. அம்மைக்கும் டிக்கட் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

எனக்குக் கையில் வடு இருந்தது. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்து முகம் சுளித்தாள் என்று, கல்யாணத்துக்கு முன்பே சின்னம்மா அதன் மேல் தாமரைப் பூவாகப் பச்சை குத்த வைத்துவிட்டாள். எங்கள் தெருவில் அது வழக்கம்தான்.

"வடு எங்கே?" என்றார் டாக்டர்.

"பூவுக்குக் கீய கீது சாமி, நல்லா பாரு!" என்றாள் சின்னம்மா.

"பூதான் தெரியுது."

மறுபடி அம்மை குத்திவிட்டு, குத்தியது பிடித்தால் எழும்பும் கொப்புளத்தோடு எட்டு நாள் கழித்து வரச் சொன்னார். கப்பல் அந்தப் பால் வெளிச்சத்துக்குள் கரைந்து போனதைப் பார்த்து அழுதேன். கடிதம் போட்டாலும் அடுத்த கப்பலில்தான் போகும். தந்தி அடிக்கவும் பயம். எங்கள் வீடுகளில் தந்தி என்றால் சாவுச் செய்தி.

எட்டு நாளும் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ரயில் சத்தமும் மீன்காரிகளின் கூவலும் வேறு ஏதோ ஊரில் கேட்பது போலிருந்தது. கொப்புளம் எழும்பவேயில்லை.

எட்டாம் நாள் டாக்டர் பூவின் மேல் கட்டை விரலை வைத்து மெல்லத் தடவினார். பழைய வடுவின் நான்கு குழிகளில் விரல் நின்றது.

"முன்னாடியே குத்தியிருக்கு. அதனாலதான் இப்ப எழும்பலை. போம்மா."

ரங்கூனில் இறங்கியபோது அவர் கரையில் நின்றிருந்தார். முதல் கப்பலுக்கும் வந்து வெறுங்கையோடு திரும்பினாராம். நடந்ததை எல்லாம் படபடவென்று சொல்லிக் கையைக் காட்டினேன். வெகுநேரம் அந்தப் பூவையே பார்த்தார்.

"எந்தங்கச்சிய அம்மை வாரிக்கினு போச்சி. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உன் கையில அந்த வடுவப் பாத்துதான், இவ நம்மள வுட்டுட்டுப் போவமாட்டான்னு சரின்னேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் முதல் கடிதத்துக்கே கடலைத் தாண்டியிருப்பேன்.