சோலைக்கு என்ன மதிப்பு?

சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கிறேன் என்றால் என் வீட்டிலேயே யாருக்கும் புரியாது. காட்டைப் பற்றிக் கணக்குப் போடுகிற படிப்பு என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கணக்கைப் போட முதன்முதலாகத் தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் மரம் வெட்டாமல் காக்கும் கோயில் சோலை ஒன்று அங்கே இருந்தது. அதைப் பாதுகாக்க ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கத் தயார் என்று கேட்டுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கேள்விகளைத் தமிழாக்கியது நான்தான். அந்தப் பெருமையோடு முதல் வீட்டில், "இந்தச் சோலைக்கு என்ன மதிப்பு கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "என்ன கண்ணு இப்பிடிக் கேட்டுப்போட்ட? செருப்போட ஒருத்தரும் உள்ள போகமாட்டோம்!"

அடுத்த வீட்டுக்காரர், "நொம்ப மதிப்புங்க. அதுக்குள்ள பீடிகூடப் பத்த வெக்கமாட்டேனுங்க" என்றார்.

பீடியைக் கட்டத்தில் எப்படி எழுதுவது? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரூபாயில சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, சோலைய வாங்கவா வந்தீங்க? அத விக்கறதில்லீங்க. கொரங்கு வேணும்னா சும்மாவே புடிச்சுக்கிட்டுப் போங்க."

அரை மணியில் ஊரே கூடிவிட்டது. படிவத்தைக் காட்டி விளக்கினேன். கட்டம் நிரம்பாவிட்டால் என் படிப்பே போச்சு என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவமானமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

மிளகு அம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், புள்ள படிப்பு போயிருமாமா. ஆளுக்கு நூறு ரூவான்னு சொல்லிப்போடுங்கப்பா!"

சொன்னார்கள். ஊரே வரிசையில் நின்று நூறு ரூபாய் என்றது. குரங்குகளை இலவசமாகத் தந்தவர் மட்டும் குனிந்து, "நூத்தம்பதுன்னா மொத மார்க் கெடைக்குங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

பேராசிரியர் அசந்துபோனார். ஒரு ஊர் இவ்வளவு ஒருமனதாகப் பதில் சொல்லி அவர் பார்த்ததேயில்லையாம். உடனே கையெழுத்துப் போட்டார், நானும் டாக்டர் ஆனேன். இன்றைக்கும் யாராவது கட்டுரையில் அந்த நூறு ரூபாயை எடுத்துக்காட்டினால் வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. அதில் சோலையின் பங்கு ஒரு பைசாகூட இல்லை. முழுக்க என்மேல் அவர்கள் பட்ட பரிதாபம்.